யாருடைய தவறு?

இறுகிச் சுருண்ட முடியைக் காய்ந்திருக்கும்போது வேரிலிருந்து சீவினால் அறுந்துபோகும். ஈரமாக்கி, கண்டிஷனர் தடவி, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பலர் இதை வளர்ந்த பிறகு, முடியை இழந்து இழந்துதான் கற்றார்கள். தவறிலிருந்து கற்பது என்று இதைச் சொல்கிறோம். ஆனால் எது தவறு?

சீப்பைப் பிடித்த விதம் என்றால் திருத்திக்கொள்ளலாம். சோடியம் ஹைட்ராக்சைடு பசையால் உச்சந்தலை எரிய எரிய முடியை நேராக்கிக்கொண்டது? அது அறியாமை மட்டுமல்ல. 1786இல் லூசியானா ஆளுநர், அடிமையல்லாத கறுப்பினப் பெண்களும் தலைமுடியைத் துணியால் மறைக்க வேண்டுமென்று ஆணையிட்டார். சடைமுடிக்காக ஒருவருக்கு வேலை மறுப்பது இனப்பாகுபாடு ஆகாது என்று 2016இல்கூட ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மாநிலங்களில் முதலாவதாகக் கலிபோர்னியா இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்தது 2019இல்தான். மகளின் முடியைச் சூடான சீப்பால் நேராக்கிய தாய், உலகத்தின் விதியைச் சரியாகவே படித்திருந்தாள்.

ஆகவே, தன் முடியைப் புதிதாக அறியும் மகள் தாயைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. கைமுறையில் நேர்ந்த பிழையைக் கை திருத்தும். அளவுகோலின் பிழையை, அதை வைத்து அளந்தவர்களே திருத்த வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால், அடக்குமுறையின் கணக்கும் பெண்ணின் பேரிலேயே எழுதப்படும்.