வீழிமிழலைக் காசு

எடின்பரோ கோமகன் விருதில் தங்கம் எடுக்க வேண்டும் என்று என் பேரன் நிற்கிறான். சனிக்கிழமை காலைகளில் நண்பர்களோடு தெஹிவளைப் புகையிரத நிலையத்தடிக்குப் போய், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணலில் குப்பை பொறுக்குகிறான். போத்தல் மூடி, யோகட் கோப்பை, ஒற்றைச் செருப்பு, மழைக்குக் கால்வாய் கொண்டுவந்து தள்ளும் சொப்பிங் பைகள். வீட்டுக்கு வந்ததும் கை கழுவ முதலே நேரத்தைக் குறித்துவைக்கிறான். தங்கத்துக்குக் குறைந்தது ஒரு வருடச் சேவை காட்ட வேண்டுமாம்.

வெள்ளவத்தையில் இருக்கும் என் நண்பருக்கு இது பிடிக்கவில்லை. நாங்கள் இருவரும் சைவநெறி படிப்பித்தவர்கள். "மணித்தியாலக் கணக்கு வைச்சால் அது தொண்டோ? அப்பர் கணக்கு வைச்சவரோ?" என்று கேட்டார். திருப்புகலூர்க் கதையையும் எடுத்துப் போட்டார். அப்பர் உழவாரத்தால் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் மின்னின. அவற்றைப் பரற்கல்லாகவே எண்ணி, வாரிக் குளத்தில் எறிந்தார்.

வலுவான கதைதான். ஆனால் அதே பெரியபுராணத்தில், அதே அப்பர், திருவீழிமிழலையில் காசு வாங்குகிறார். பஞ்ச காலம். அடியார்களுக்குச் சோறிட அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு படிக்காசு வைக்கிறார். அப்பரின் காசு கடையில் முழு விலைக்குப் போகிறது. சம்பந்தரின் காசுக்கு வட்டம் பிடிக்கிறார்கள். அப்பர் கையால் தொண்டு செய்தவர் என்பதே சேக்கிழார் காட்டும் காரணம். மணலில் குனிந்து நிமிரும் பொடியன்களுக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

புகலூர்ப் பொன்னால் பசியாற யாரும் அங்கே காத்திருக்கவில்லை. வீழிமிழலைக் காசு அன்றைக்கே அரிசியாகி இலைக்கு வந்தது. ஆகவே பரிசு வாங்கலாமா கூடாதா என்பதை நான் பெரிதாக எடுப்பதில்லை. வாங்கியது பிறகு எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன். விருதைக் காட்டி அவுஸ்திரேலியாவில் ஓர் அனுமதி வாங்குவதோடு அது முடிந்தால், நண்பர் சொல்வது சரி.

இன்னொன்றும் உண்டு. 1956இல் இளவரசர் பிலிப் தொடங்கிய இந்த விருதில் முதலாம் இடம், இரண்டாம் இடம் கிடையாது. முடித்தவர் எல்லாருக்கும் உண்டு. நம் பரிசளிப்பு விழாக்களில் ஒரு பிள்ளை மேடையேற நாற்பது பிள்ளைகள் கீழே இருந்து கைதட்டுகிறார்கள். அதை எந்தச் சைவனும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. எழுதிக் காட்டக்கூடிய தொண்டைத்தான் பிள்ளைகள் தேடிப் போவார்கள். சாக்கை எண்ணலாம், படம் எடுக்கலாம். மூன்றாம் மாடியில் கண் மங்கிப்போய் இருக்கும் ஆச்சிக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவதை எந்தப் படத்தில் போடுவது? போன கிழமை அவனிடம் இதைச் சொன்னேன். "அதையும் சேவையெண்டு எழுதலாம் அப்பப்பா, கேட்டுப் பார்க்கிறன்" என்றான். சிரிப்பு வந்தாலும் நல்லதென்றே பட்டது. எழுதுவதற்காகப் போனாலும் ஆச்சிக்குப் பேப்பர் கேட்கும்.

சம்பந்தர் தன் காசுக்கு வட்டம் பிடிப்பதைப் பார்த்துப் பேசாமல் இருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துத் தரும்படி பதிகம் பாடியே கேட்டார். நல்ல காசும் கிடைத்தது. இதை நண்பரிடம் சொன்னபோது, "சம்பந்தர் குழந்தை, குழந்தை கேட்கலாம்" என்றார்.

"என்ர பேரனுக்கும் பதினேழுதான்" என்றேன்.