மார்க்கும் மனச்சாட்சியும்

மனிதன் தன் அறிவைப் பயன்படுத்தவேண்டிய இடங்கள் பெரியனவாகவே இருக்கும் என்று எண்ணுவது தவறு. எதையும் ஆராயாமல் ஏற்கமாட்டேன் என்று மேடையில் முழங்குகின்ற ஒருவரே கடைக்குள் நுழைந்ததும் ஒரு பெயரைக் கண்டு கைகட்டி நின்றுவிடுவதைப் பார்க்கின்றோம். ஆகவே இன்று சிறிய விஷயம் ஒன்றை எடுத்து ஆராய்வோம். விலையுயர்ந்த தொலைக்காட்சிப் பெட்டி வாங்க விரும்பும் ஒருவர், போட்டியிடும் மார்க்குகளுள் ஒன்றை எவ்வாறு தெரிந்தெடுப்பது? இது பணத்தைப் பற்றிய கேள்வி என்றே பலரும் கொள்வர். ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியும் இதனுள் அடங்கியிருக்கின்றது என்பதை நான் என் பிழையினால் அறிந்தேன்.

2021-ஆம் ஆண்டில் நான் ஓலெட் வகைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதன் மார்க்கை இங்கே கூறப்போவதில்லை, குற்றம் அதனுடையதன்று. இரண்டு மார்க்குகளுக்கிடையே ஒரு மாதம் தடுமாறி, இறுதியில் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். வாங்கும் நாள் வரையில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றே என் மனம் சொல்லிற்று. பெட்டி வீட்டிற்குள் வந்த மறுநாளே, வாங்காத மார்க்கில் ஆயிரம் குறைகள் தோன்றலாயின! 4,000 வெள்ளி கொடுத்தவனுக்குத் தான் ஏமாறவில்லை என்ற உறுதி வேண்டியிருந்தது. அதைத் தேடிச் செல்வோரிடமெல்லாம் என் பெட்டியைப் புகழ்ந்தேன்.

மறு ஆண்டு, துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். “அண்ணே, உங்கள் வீட்டுப் பெட்டியையே நானும் வாங்கலாமா?” என்று கேட்டார். அவர் வீட்டுக் கூடம் மேற்கு நோக்கியது. பிற்பகல் முழுதும் வெயில் புகும். காலை முதல் இரவு வரையில் ஒரே செய்தி ஒளிவழியை ஓடவிட்டிருப்பது அவர் வழக்கம். இவ்விரண்டையும் நான் நன்கு அறிவேன். அறிந்திருந்தும், “தயங்காமல் வாங்குங்கள் தம்பி, இதற்கு ஈடு வேறில்லை,” என்றேன். அவரும் என் சொல்லை நம்பி, 24 மாதத் தவணையில் அதையே வாங்கினார்.

இங்கே அப்பெட்டிகளின் தன்மையைச் சிறிது விளக்கவேண்டும். ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். இருள் வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடும். ஆதலால் கருமை மெய்யான கருமையாகத் தோன்றும். மற்றோர் இனத்தில் திரவப்படிகத் திரைக்குப் பின்னே விளக்குகள் எரியும். மினி எல்இடி எனப்படும் உயர்வகையில் அவ்விளக்குகள் மிகச் சிறியனவாய், ஆயிரக்கணக்கில் அமைந்து, பகுதி பகுதியாகக் கூடியும் குறைந்தும் ஒளிரும். இதில் இருண்ட வானத்து நிலவைச் சுற்றி மெல்லிய ஒளிவளையம் தோன்றக்கூடும். ஆயினும் வெயில் புகும் கூடத்தில் பிரகாசமாக நிற்கும் ஆற்றல் இதற்கு மிகுதி. ஓலெட்டோ இருண்ட அறையில் ஒப்பற்றது. ஆனால் அதில் ஒளிதரும் கரிமப் பொருள் உழைக்க உழைக்கத் தேயும். ஒரே சின்னம் ஒரே மூலையில் நாள்தோறும் பல மணி நேரம் நின்றால், அவ்விடம் மற்ற இடங்களினும் முந்தித் தேய்ந்து, நிழல்போன்ற தழும்பு விழவும் கூடும்.

விழுந்தது. 2024-ஆம் ஆண்டில் நண்பர் வீட்டிற்குச் சென்றபோது, ஒரு விளையாட்டுப் போட்டியின் பசும்புல் தரையின்மீது செய்தி ஒளிவழியின் சின்னம் மங்கலாய் நிற்பதைக் கண்டேன். பிற்பகல் வெயிலில் திரை பாதிக் கண்ணாடியாகவும் இருந்தது. “எத்தனை நாளாக இப்படி?” என்று கேட்டேன். அவர் சொன்ன விடை என்னைத் தலைகுனியச் செய்தது. “அண்ணன் சொன்ன பெட்டி தவறாக இராது, என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்,” என்றார்.

நான் நண்பரிடம் பொய் சொன்னேனா? என் பெட்டி நல்லது என்றேன்; அது நல்லதே. சொன்ன சொல் ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் அச்சொற்கள் அவருடைய நன்மைக்காகப் பிறந்தவை அல்ல; என் தேர்வுக்கு இன்னொரு சாட்சி தேடிப் பிறந்தவை. அவரும் அதையே வாங்கிவிட்டால், நான் வாங்கியது சரி என்பதற்கு அஃது ஓர் அத்தாட்சியாகுமன்றோ? கேட்பவருடைய நிலையை மறைத்துவிட்டுச் சொல்லப்படும் உண்மை, பொய் செய்யும் வேலையையே செய்கின்றது.

இனி, நாம் இவ்வளவு வீரத்துடன் காக்கும் மார்க்குகள்தாம் யாவை என்று பார்ப்போம். 2013-இல் எல்ஜி நிறுவனம் பெரிய ஓலெட் பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017-இல் சோனி தன் பெரிய ஓலெட் பெட்டியை வெளியிட்டபோது, அதன் திரையைச் செய்து கொடுத்தது எல்ஜியின் இணை நிறுவனமாகிய எல்ஜி டிஸ்ப்ளேயே. பின்னர்ச் சாம்சங் டிஸ்ப்ளே புதுவகை ஓலெட் திரையைச் செய்தது. சாம்சங், சோனி ஆகிய இரண்டு மார்க்குகளிலும் 2022-இல் அத்திரை வெளிவந்தது. 2023-இல் சாம்சங் தன் 83 அங்குல ஓலெட் பெட்டிக்குப் போட்டியாளரின் பக்கத்திலிருந்தே, அதாவது எல்ஜி டிஸ்ப்ளேயிடமிருந்தே, திரையை வாங்கிற்று. முதலாளிகள் ஒருவரோடொருவர் கொண்டும் கொடுத்தும் வாழ்கின்றனர். வாங்கியவர்களோ உறவினர் வீட்டு விருந்திலும் வாதாடிப் பகைக்கின்றனர்!

திரை ஒன்றாயிருப்பதனால் வேறுபாடே இல்லை என்று நான் கூறவில்லை. படத்தைச் செப்பனிடும் முறை, வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு, ஒலி, உள்ளே இயங்கும் மென்பொருள் ஆகியவற்றில் மெய்யான வேறுபாடுகள் உண்டு. அவற்றைக் கண்ணாலும் காதாலும் சோதித்தறியலாம். பெயரோ சோதனையைத் தவிர்க்கச் சொல்கின்றது. அப்பெயரும் நிலையானதன்று. தோஷிபாவின் தொலைக்காட்சித் தொழில் 2018-இல் ஹைசென்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. பெட்டியின்மேல் எழுதியிருந்த பெயர் மட்டும் மாறவில்லை. ஆழ்ந்த கருமைக்காகப் புகழப்பெற்ற பிளாஸ்மாப் பெட்டிகளைச் செய்த பயோனியர், 2009-இல் அத்தொழிலையே விட்டுவிடுவதாக அறிவித்தது. அப்பெயருக்காக வாதாடியவர்களின் வாதம் என்னவாயிற்று?

“அப்படியானால் பெயரை நம்பவே கூடாதா? ஒவ்வொருவரும் பொறியியல் கற்றுக்கொண்டா பெட்டி வாங்குவது?” என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்வியே. எல்லாவற்றையும் தாமே சோதித்து வாழ்வது எவர்க்கும் இயலாது. மருத்துவரையும் ஆசிரியரையும் நாம் நம்பித்தான் வாழ்கின்றோம். ஆனால் நம்பிக்கையிலும் இருவகை உண்டு. பதில் சொல்லக் கடமைப்பட்டவரை நம்புவது ஒன்று. புகழ் பெற்றவரை நம்புவது மற்றொன்று. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, திரைத்தழும்பு அதில் அடங்குமா, பழுது பார்ப்பவர் இவ்வூரில் உண்டா, மென்பொருளை எத்தனை ஆண்டு புதுப்பித்துத் தருவர் என்பவற்றுக்கு எழுத்தில் விடை தரும் மார்க்கை நம்புவது அறிவே. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பொருளை ஒப்படைத்த ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, மாறாக நிறுவப்பட்டாலன்றி, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். பொறுப்பைச் சட்டம் விற்பவர்மேல் வைக்கின்றதேயன்றிப் புகழின்மேல் வைக்கவில்லை என்பதைக் கவனிக்க.

ஆகவே, எந்த மார்க்கு உயர்ந்தது என்ற கேள்வியை நாம் மாற்றிக் கேட்கவேண்டும். யாருக்கு, எந்த அறைக்கு, எதைப் பார்ப்பதற்கு என்பதே முறையான கேள்வி. கடையில் பெட்டிகள் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு ஒளியும் வண்ணமும் கூட்டி வைக்கப்பட்டிருக்கும். அதை வீட்டு அளவுக்குக் குறைத்துக் காட்டச் சொல்லவேண்டும். 55 அங்குல 4கே திரையின் புள்ளிகளைக் குறையற்ற கண்கூட ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் நின்றால் பிரித்தறிய இயலாது. மூன்று மீட்டர் தொலைவில் நாற்காலி போட்டிருப்பவர், அதைவிட நுண்ணிய 8கே திரைக்கு அதிகப் பணம் கொடுத்து, தம் கண் காணாத ஒன்றையன்றோ வாங்குகின்றார்? இவ்வளவும் ஆராய்ந்த பின்னரும் இரண்டு பெட்டிகள் சமமாய் நின்றால், விலை குறைந்ததை வாங்கிவிட்டு வாதத்தை அன்றே முடித்துக்கொள்வது நன்று. மிச்சப்படும் வெள்ளிக்கு வீட்டில் வேறு வேலை இருக்கும்.

வாங்கிய பிறகும் ஒரு கடமை எஞ்சியிருக்கின்றது. நம்மிடம் யோசனை கேட்டு வருபவர் நம் பெட்டியைப் போற்ற வரவில்லை; தம் உழைப்பின் ஊதியத்தை நம் நாவில் ஒப்படைக்க வருகின்றார். அவர் வீட்டுச் சாளரம் எத்திசையில் உள்ளது என்பதை முதலில் கேட்போம். நம் பெட்டியின் குறையை முதலிலும் நிறையைப் பின்னரும் சொல்வோம். தான் வாங்கிய பொருளின் குறையைத் தன் வாயால் சொல்லக்கூடியவனே அதைச் சொந்தமாகக் கொண்டவன்; சொல்லமுடியாதவனைப் பொருளே சொந்தமாக்கிக்கொண்டுவிட்டது.

அன்று மாலையே நண்பரிடம் உண்மையைச் சொன்னேன். கோளாறு கண்ணில் இல்லை என்றும், அவருக்கு எது ஏற்றதென்று தெரிந்திருந்தும் சொல்லத் தவறினேன் என்றும் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “கண் நன்றாக இருக்கிறதே, அது போதும் அண்ணே,” என்று சொல்லித் தேநீர் கொண்டுவரச் சென்றார். தவணை முழுதும் கட்டி முடித்தாகிவிட்டது. பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கின்றது. அதன் மூலையில் உள்ள தழும்பு செய்தி ஒளிவழியின் சின்னம் என்றே அவர் வீட்டார் நினைக்கின்றனர். அதில் என் கையெழுத்தும் இருப்பதை நான் அறிவேன்.