எண் யாருக்கு உரியது?

நம் பெயர் நம்முடையதே. ஆயினும் அதை மிகுதியும் பயன்படுத்துவோர் பிறரே. கைபேசி எண்ணும் அத்தகையதே. நம் எண்ணை நாமே அழைப்பதில்லை. அப்படியாயின் அது யாருக்கு உரியது? வேடிக்கையான வினாவாகத் தோன்றினும், ஒரு குடும்பம் இவ்வினாவால் இரு கூறாகப் பிரிந்து நின்றதை நாம் கண்டோம்.

நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர், மனைவி, மகன், மகள் ஆகியோரின் எண்களைத் தம் எண்ணோடு ஒரே குடும்பத் திட்டத்தில் சேர்த்திருந்தார். எண்கள் 4, கட்டணச்சீட்டு ஒன்று, பெயர் அவருடையது. மகள் தன் விருப்பப்படி மணம் புரிந்துகொண்டு வேற்றூர் சென்றாள். சில மாதங்களுக்குப் பின், தன் எண்ணைத் தன் பெயருக்கு மாற்றித் தருமாறு தமையன் வழியாக வேண்டினாள். தந்தை மறுத்தார். இணைப்பையே துண்டிக்கப் போவதாகவும் கூறினார். “பணம் கட்டியவன் நான்தானே, சாமி? அவள் புது எண் வாங்கிக்கொள்ளட்டுமே” என்றார் நம்மிடம்.

விதிமுறை அவர் பக்கமே நின்றது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி, நம் நாட்டில் 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் 8 எழுத்துகள் கொண்ட குறியீடு கிடைக்கும். அதனைப் புதிய நிறுவனத்திடம் அளிக்க வேண்டும். ஆனால் எண் எவர் பெயரில் உள்ளதோ அவரே விண்ணப்பிக்க வேண்டும். பிறர் பெயரில் இருப்பின் முதலில் பெயர் மாற்றம். அதற்கு அவருடைய ஒப்புதல் தேவை. அந்த ஒரு கையொப்பம் தந்தையின் கையில் இருந்தது.

விதி முடியும் இடத்தில் அறமும் முடிந்துவிடுமா? தொலைபேசி எண்கள் நாட்டின் பொது வளம். அரசு அவற்றை நிறுவனங்களுக்கு ஒதுக்குகிறது. நிறுவனங்கள் நமக்கு அளிக்கின்றன. கட்டணம் செலுத்துவதால் பயன்படுத்தும் உரிமை கிடைக்கிறதே ஒழிய, எண் நம் உடைமையாகி விடுவதில்லை. ஆகவே அந்த எண் தந்தையின் சொத்தன்று, மகளின் சொத்துமன்று. தந்தையின் மனக்காயம் உண்மையானதே. அதை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆனால் காயம்பட்டவர் கையில் அதிகாரமும் இருக்கும்போது, எது நீதி, எது பழி என்று பிரித்தறிவது கடினம்.

அரிஸ்டாட்டில் வகுத்த 10 வகைப்பாடுகளுள் உறவு என்பதும் ஒன்று. தந்தை என்னும் தன்மை, பிள்ளையை நோக்காமல் தனித்து நிற்க இயலாது. தொலைபேசி எண்ணும் அவ்வாறே பிறரை நோக்கியே நிற்கிறது. அதன் இருப்பிடம் நம் சட்டைப்பையன்று, பிறர் நினைவு.

இந்தக் குடும்பத்தில் அந்த நினைவு தாயினுடையது. அவர் எழுத்தறியாதவர், கைபேசியில் பெயரைத் தேடத் தெரியாது. மகளின் 10 இலக்கங்களை மட்டும் மனப்பாடமாக அறிவார். கணவர் வீட்டில் இல்லாத வேளைகளில் அவற்றை அழுத்துவார். துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள் இடைவெளிக்குப் பின் வேறொருவருக்கு அளிக்கப்படலாம். அன்று அத்தாயின் அழைப்புக்கு அறிமுகமற்ற குரல் ஒன்று விடையளிக்கும்.

இதைத்தான் பெரியவரிடம் சொன்னோம். “நீங்கள் தண்டிக்க நினைப்பது மகளை, தண்டனை பெறப்போவது உங்கள் துணைவியார்.” அவர் நெடுநேரம் பேசவில்லை. “அவள் பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியும், சாமி” என்றார் இறுதியில்.

அடுத்த வாரம் கையொப்பமிட்டார். மகளை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பெயர் மாறிற்று, கட்டணம் மாறிற்று, பின்னர் நிறுவனமும் மாறிற்று, எண் மாறவில்லை. தாய் அதே 10 இலக்கங்களை இன்றும் அழுத்துகிறார்.

வீடு, நிலம், வங்கிக் கணக்கு என நம் பெயரில் பதிவாகியுள்ளவை பல. அவற்றுள் எவையெல்லாம் உண்மையில் பிறருக்காக நம் கையில் இருக்கின்றன என்பதை நாம் ஒவ்வொருவரும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.