கேட்கத் தகாத கேள்வி

சில நாட்களுக்கு முன், ஜொகூர் பாருவில் வெகுகாலமாக மளிகை வியாபாரம் செய்துவரும் பெரியவர் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து அமர்ந்தார். அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துத் தேறியவள். எச்.ஐ.வி. கிருமியைப் பற்றிய ஆராய்ச்சியில் சேர அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். “பிள்ளை ஆசைப்படுகிறது. ஆனால் அந்த நோய்க்காரர்கள் மத்தியில் உத்தியோகம் என்றால், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அனுப்பலாமா, கூடாதா?” என்று கேட்டார்.

“தாராளமாக அனுப்புங்கள், நானா” என்றோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, உங்கள் வீட்டுப் பையனுக்கு அப்படி ஒரு பெண்ணை எடுப்பீர்களா?” என்றார். நமக்கு உடனே பதில் வரவில்லை. பிறருக்குச் சொன்ன புத்தி நம் வாசலுக்கு வந்ததும் நாக்கு எழவில்லை. அந்த வெட்கமே இதை எழுதத் தூண்டியது.

நாம் ஏன் தயங்கினோம்? நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயமா? அன்று. இக்கிருமி இரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவது. கை குலுக்குவதாலோ, ஒரே சஹனில் உண்பதாலோ, பக்கத்தில் நின்று தொழுவதாலோ பரவாது. இதை அறிந்தே இருந்தும் தயங்கினோம் என்றால், நாம் அஞ்சியது நோய்க்கு அன்று, அதன் பெயருக்கே. அந்தப் பெயரைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் முதல் கேள்வி, “இவருக்கு இது எப்படி வந்தது?” என்பதாகும்.

நாம் வியாபாரிகள். ஒரு சரக்கு கடைக்குள் வந்தால், எங்கிருந்து வந்தது, யார் கைமாறி வந்தது, நேர்வழியில் வந்ததா என்று கேட்போம். கேட்கத்தான் வேண்டும். அது நம் தொழிலின் ஒழுக்கம். ஆனால் மனிதன் சரக்கல்லவே! நோயுற்று நிற்பவனிடம் அதே கேள்வியைக் கேட்கும்போது அது ஒழுக்கமாக இல்லாமல் விசாரணையாகி விடுகிறது. விசாரணைக்கு அஞ்சுகிறவன் வைத்தியரிடம் வரமாட்டான். வராதவனுக்கு மருந்தில்லை. மருந்தில்லாதவனிடமிருந்து நோய் அடுத்தவருக்குப் போகிறது. ஆகவே, நாம் கேட்கும் கேள்வியே நோய்க்குக் கூட்டாளியாகிறது.

“அப்படியானால் பாவத்தைப் பாவம் என்று சொல்லவே கூடாதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தீமையைத் தீமையென்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பது நம் கடமை, அதில் மாற்றமில்லை. ஆனால் கணவனிடமிருந்து நோயைப் பெற்ற மனைவி என்ன பாவம் செய்தாள்? கருவிலிருந்த குழந்தை என்ன செய்தது? தவறே செய்தவனாயினும், கடைத்தெருவில் தீப்பிடித்தால் முதலில் தண்ணீர் ஊற்றுகிறோம். யார் அடுப்பிலிருந்து பொறி பறந்தது என்பதைப் பிறகுதான் பார்க்கிறோம். தீர்ப்பு வழங்குவது இறைவனுக்குரியது. தண்ணீர் ஊற்றுவது நமக்குரியது.

இந்த விஷயத்தில் ஜொகூர்வாசிகளாகிய நமக்குத் தனிப் பொறுப்பு உண்டு. மலேசியாவிலேயே முதன்முதலாக, 2001 நவம்பரில், முஸ்லிம்களுக்குத் திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது நம் மாநிலம்தான். பிற மாநிலங்கள் பின்னரே பின்பற்றின. மணமக்களைக் காப்பதே இதன் நோக்கம். ஆனால் அந்தச் சீட்டில் கிருமி உண்டு என்று வந்துவிட்ட பிள்ளையின் கதி என்ன? சீட்டிலுள்ள செய்தி ஓர் அமானிதம். அது வீட்டைத் தாண்டித் தெருவுக்கு வருமானால், காப்பதற்கென்று வந்த ஏற்பாடே ஒருவரைப் புதைப்பதாகிவிடும்.

கேள்வி கேட்காமல் வேலை செய்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். தோல் வியாபாரம் நம்மவர்க்குப் பழக்கமானது. சென்னையில் தோல் வியாபாரக் குடும்பம் ஒன்றில் எட்டுப் பிள்ளைகளுள் ஒரே பெண்ணாகப் பிறந்தவர் டாக்டர் சுநீதி சாலமன். சென்னை மருத்துவக் கல்லூரியில் அவரிடம் படித்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா, அவர் சொற்படி, விலைமாதர் வைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்குச் சென்று எண்பதுக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சேகரித்தார். கட்டுப்பாடான குடும்பத்துப் பெண். அவரைத் தம் ஸ்கூட்டரில் தினமும் கொண்டுபோய் விட்டவர் அவருடைய கணவரே! இரத்த மாதிரிகள் அவர்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே இருந்தன. 1986-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் இந்நோய் இருப்பதை உலகுக்குச் சொன்னது அந்த உழைப்புத்தான்.

டாக்டர் சுநீதி 1993-ல் வை.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். 2015-ல் மறையும்வரை நோயாளிகளுக்காகவே உழைத்தார். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் கிருமியுள்ள 1,763 இணையரை வைத்து ஒன்பது நாடுகளில் நடந்த பெரிய ஆராய்ச்சியில் அந்நிலையமும் பங்குகொண்டது. 2011-ல் வந்த முடிவு என்ன? நோயாளிக்குத் தாமதமின்றி மருந்து கொடுத்தால், துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது. மருந்தை ஒழுங்காக உண்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத நிலை நிலைத்துவிட்டால், உடலுறவின் வழியே அது பரவுவதே இல்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. பரிசோதனைச் சீட்டு ஒரு வாழ்வின் முடிவன்று என்பதை மெய்ப்பித்தவர்கள் இந்த ஆராய்ச்சியாளர்களே.

நம் நாட்டிலும் இதே பாடந்தான். 2002-ல் மட்டும் 6,978 புதிய நோயாளிகள் பதிவாயினர். பெரும்பாலோர் ஊசியால் போதை ஏற்றியவர்கள். 2005-ல் மெத்தடோன் சிகிச்சையும், 2006-ல் சுத்தமான ஊசி வழங்குவதும் தொடங்கியபோது, “பாவத்துக்குத் துணை போவதா?” என்ற எதிர்ப்பு எழுந்தது. அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் அதீபா கமாருல்சமான் போன்றோர் பின்வாங்கவில்லை. 2018-ல் புதிய நோயாளிகளின் தொகை பாதியளவுக்கு இறங்கியிருந்தது. அதே ஆண்டில், தாயிடமிருந்து சேய்க்கு இந்நோய் பரவுவதை ஒழித்த நாடென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் மலேசியாவுக்குச் சான்று வழங்கியது. ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. இன்று பெரும்பகுதித் தொற்று உடலுறவின் வழியே பரவுகிறது. வெட்கத்தால் மறைந்திருப்போரைத் தேடிச் செல்ல, அவர்கள் மொழியும் மனமும் அறிந்த பிள்ளைகள் தேவை. நம் பிள்ளைகளை நாமே தடுத்தால் வேறு யார் போவார்கள்?

வியாபார அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடைப்பையன் ஒருவனுக்கு இந்நோய் இருப்பதாகத் தெரியவந்தால், அவனை வேலையிலிருந்து நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். அவன் இரகசியத்தைப் பிறர் ஒப்படைத்த பணத்தைப்போல் பூட்டி வையுங்கள்.

அந்தப் பெரியவரின் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோனோம். இரவுச் சாப்பாட்டின்போது பையனிடமும் அவன் தாயாரிடமும் பேசினோம். தாயார் முதலில் முகம் சுளித்தார். “சொந்தக்காரர்கள் பேசுவார்களே!” என்றார். வெகுநேரம் கழித்து, “நோயாளிக்கு இரக்கப்படுகிற பெண் மாமியாரைக் கைவிடவா போகிறாள்!” என்று அவரே சொன்னார்.

மறுநாள் பெரியவர் கடைக்குப் போய், “எடுப்போம், நானா” என்று பதில் சொல்லிவிட்டு வந்தோம். உங்கள் வீட்டிலும் இன்றிரவு இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.