‘என் கையால் செய்தது’

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகளில் பணிபுரிவோருள் பெரும்பாலோர் ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டுமே செய்கின்றனர். முழுப்பொருளை அவர்கள் காண்பது அரிது. அவர்களுள் ஒருவர் விடுமுறை நாளில் மரப்பலகையும் உளியும் எடுத்து, தமக்கென ஒரு மின்கிட்டார் செய்ய முற்பட்டால் அதை என்னென்பது? கடையில் இதைவிடச் செம்மையான கருவி கிடைக்குமே! அவ்வுழைப்பு வீண்தானா?

இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டு, பிரையன் மே என்னும் 16 வயது மாணவர், விரும்பிய கிட்டாரை வாங்க வசதியின்றித் தம் தந்தையுடன் சேர்ந்து ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் அதன் கழுத்தாயிற்று. பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார். மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்விற்கள் தந்திகளின் இழுவிசைக்கு ஈடுகொடுத்தன. தாயின் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள் மெட்டுகளுக்கான அடையாளப் புள்ளிகளாயின. பின்னாளில் ‘குவீன்’ இசைக்குழுவின் மேடைகளில் உலகெங்கும் ஒலித்தது அக்கருவியே.

‘தாமே செய்தார்’ என்று நாம் வியக்கிறோம். அச்சொல் எவ்வளவு உண்மை? தந்தையின் தொழிலறிவு, தாயின் பொத்தான், யாரோ முறுக்கிய சுருள்வில் ஆகியவை அதில் கலந்துள்ளன. தாம் சுற்றிய காந்தச் சுருள்கள் நிறைவு தராதபோது, விலைக்கு வாங்கியவற்றையே அவர் பொருத்தினார். நம் ஊர்த் தொழிலாளிக்கும் இதே நிலைதான். தந்திக்கு எஃகு, சுருளுக்கு மயிரிழையினும் மெல்லிய செப்புக்கம்பி என யாவும் முகமறியாதவர்களின் உழைப்பு. தானே செய்யப் புகுந்தவர் முதலில் அறிவது தம் கடனையே.

அவ்வாறாயின் ‘தன்னுடையது’ என எஞ்சுவது யாது? பொறுப்பு என்பேன். 648 மில்லிமீட்டர் நீளத் தந்திக்கு முதல் மெட்டு 36.4 மில்லிமீட்டரில் அமையவேண்டும். 12ஆம் மெட்டு சரிபாதியான 324இல். உச்ச மெட்டுகளில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் சுருதி விலகுவதைத் தேர்ந்த காது கண்டுகொள்ளும். பழவேற்காட்டுக் கடற்காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அவசரப்பட்டு லாக்கர் பூசினால், பளபளப்பின்மீது வெண்மை படரும். பொறுமையின்மை மரத்தின்மேல் எழுதப்பட்டுவிடும். கடைப்பொருளில் குறை கண்டால் பிறரைச் சாடலாம். இங்கோ குறை காண்பவரும் செய்தவரும் ஒருவரே.

இருப்பினும் ஒன்றை மறக்கலாகாது. போதிய ஊதியமும் ஓய்வும் இல்லாதவருக்கு இவ்வின்பம் எட்டாக் கனி. ஆலையில் உழைப்பவரின் நேரம் முழுவதையும் விழுங்கிவிட்டு, ‘கைத்தொழில் கற்று மகிழ்க’ என்று அறிவுரை கூறுவது அறமாகாது. மனிதர் தம் கைகளால் எதையேனும் முழுமையாகச் செய்து பார்க்கும் ஓய்வும் நீதியின் ஒரு பகுதியே.

அந்த ஓய்வு வாய்த்தவர் செய்யும் முதற்கருவி கரடுமுரடாகவே இருக்கலாம். ஆயினும் மறுநாள் ஆலையில் அவர் கைக்கு வரும் சிறு உதிரிப்பாகம், யாரோ ஒருவரின் முழுப்பொருளுக்காகக் காத்திருப்பது என அவருக்குப் புலப்படும். அதைத் திருத்தமாகச் செய்ய அவருக்கு வேறு காரணம் வேண்டுவதில்லை.