கெடாததை ஏன் வெட்ட வேண்டும்?

ஒரு பழைய பொருளை உள்ளபடியே விற்றால் ஒரு விலை, வெட்டி ஒட்டிப் புதுக்கி விற்றால் பல மடங்கு விலை. அப்போது என்ன செய்வது? அமெரிக்காவில் 1940-களிலும் 50-களிலும் ஓடிய பிக்கப் வண்டிகளை வைத்திருப்பவர்கள் முன்னால் இன்று நிற்கும் கேள்வி இது. விவசாயிகளும் தச்சர்களும் பால்காரர்களும் ஓட்டித் தேய்த்த அந்த வண்டிகள் இப்போது பெரும்பணம் புழங்கும் சந்தைக்கு வந்துவிட்டன. அங்கே மிகவும் விலை போவது 'ரெஸ்டோமாட்' என்று சொல்லப்படும் வகை: வெளியே பார்த்தால் பழசு, உள்ளே எல்லாம் புதுசு. பழைய பாடியை மட்டும் வைத்துக்கொண்டு புது எஞ்சின், புது கியர்பாக்ஸ், டிஸ்க் பிரேக், ஏசி, தோல் இருக்கை என்று எல்லாவற்றையும் மாற்றி, லட்சம் டாலருக்கு மேலும் விற்கிறார்கள். இதில் குற்றமில்லை, சட்டமும் தடுக்கவில்லை. ஆனாலும், முழுமையாகவும் ஓடும் நிலையிலும் மிஞ்சியிருக்கும் ஒரு வண்டியை லாபத்துக்காக வெட்டுவது தவறு என்றே நான் நினைக்கிறேன். உடைந்ததை மாற்றுவது வேறு, கெடாமல் நிற்பதை அழிப்பது வேறு.

அப்படிப்பட்ட வண்டி ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1942-இல் போருக்காக நின்றுபோன பொதுமக்கள் வாகன உற்பத்தி மீண்டும் தலைதூக்கிய பிறகு, 1947-இல் செவர்லே நிறுவனம் முற்றிலும் புதிய வடிவில் ஒரு பிக்கப் வரிசையை வெளியிட்டது. 1955 தொடக்கம் வரை அதே வடிவம் நீடித்தது. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 90 குதிரைத்திறன். பேரிங்குகள் பாபிட் என்ற மென்கலப்பு உலோகத்தை உருக்கி வார்த்தவை. கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சிறு அகப்பை, சுழலும்போது எண்ணெயை அள்ளித் தெளித்துக்கொள்ளும். நீண்ட நேரம் வேகமாக ஓட்ட இந்த ஏற்பாடு ஏற்றதல்ல. மின்சாரம் ஆறு வோல்ட். ஸ்டார்ட் செய்யக் காலால் மிதிக்க வேண்டும். சரக்குப் பெட்டியின் தரை பைன் மரப் பலகை, இடையிடையே இரும்புப் பட்டை. இவற்றைக் குறைகள் என்று பட்டியல் போடுவது எளிது. ஆனால் இவை ஒரு காலத்தைப் பற்றிய தகவல்கள். அமெரிக்காவை இணைக்கும் அதிவேக நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் 1956-இல்தான் வந்தது. இந்த வண்டி அதற்கு முந்திய நாட்டுக்காக, பண்ணையிலிருந்து பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகும் சாலைக்காகச் செய்யப்பட்டது. டாட்ஜின் பவர் வேகனும் அப்படித்தான். போரில் ஓடிய முக்கால் டன் ராணுவ வண்டியை அடிப்படையாகக் கொண்டு 1946-இல் வெளிவந்தது. பிற இயந்திரங்களை இயக்கும் சுழல்தண்டு, இழுவைக்கு வின்ச் என்று பண்ணைக்கும் காட்டுக்கும் ஏற்ற வேலைக்கருவியாக அது மாறியது. போர் முடிந்த ஒரு நாடு தன் ஆயுதத் தொழிற்சாலையை எப்படி வயலுக்குத் திருப்பியது என்பதைப் புத்தகத்தைவிடத் தெளிவாக அந்த வண்டி சொல்லும்.

பட்டறைக்குள் போனதும் இந்தத் தகவல்களுக்கு என்ன ஆகிறது? முதலில் பாடியைச் சேஸிலிருந்து பிரிக்கிறார்கள். பழைய எஞ்சினும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் காயலான் கடைக்கே போகும். முன்பக்கத்து ஒற்றை அச்சும் லீஃப் ஸ்பிரிங்குகளும் கழல்கின்றன. அவற்றைத் தாங்கிய ரிவெட்டுகளை அறுத்து, சேஸின் முன்பகுதியில் புதிய குறுக்குச் சட்டத்தை வெல்டிங் வைக்கிறார்கள். 1970-களின் ஃபோர்டு மஸ்டாங் டூ காரின் முன் சஸ்பென்ஷன் அமைப்பைத்தான் பல பட்டறைகள் இன்றும் இதற்குப் பின்பற்றுகின்றன. அப்புறம் பாடிக்கு மணல் வீச்சு. கதவில் தூரிகையால் எழுதிய பண்ணையின் பெயர், ஓட்டுநரின் முழங்கை பட்டுப் பட்டுப் பெயின்ட் தேய்ந்த சன்னல் விளிம்பு, தொழிற்சாலை அடித்த முதல் பெயின்ட், எல்லாம் ஒரே பிற்பகலில் பொடியாகப் பறந்துவிடும். தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணல் வீசிச் சுத்தம் செய்து கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்த கதை நமக்குத் தெரியும். சுவர் பளிச்சென்று ஆனது, சுவர் சொன்ன செய்தி போய்விட்டது. இங்கே நடப்பதும் அதே இழப்புதான். அறுத்த சேஸை மறுபடி ஒட்டலாம். அது பழைய சேஸ் ஆகாது. பெயின்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் முதல் பெயின்ட் ஒரு முறைதான் கிடைக்கும்.

"என் பணம், என் வண்டி, என் இஷ்டம்" என்பது முதல் மறுப்பு. இதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஒருவர் சொந்தப் பணத்தில் வாங்கியதை என்ன செய்யலாம் என்று ஊரார் சட்டம் போடக் கூடாது. நானும் சட்டம் கேட்கவில்லை. ஆனால் உரிமை இருப்பதும் செய்வது சரியாக இருப்பதும் ஒன்றல்ல. எழுபது ஆண்டு கடந்து நம் கைக்கு வந்த பொருளை நாம் செய்யவில்லை. இடையில் வந்த நாலைந்து பேர் அழிக்காமல் விட்டதால்தான் அது நமக்குக் கிடைத்தது. அவர்களுடைய பொறுமையை நாம் இலவசமாகப் பெற்றுக்கொண்டோம். அடுத்து வருபவருக்கு அதே வாய்ப்பை மறுத்துவிட்டு லாபத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, வாங்கிய கடனை அடைக்காமல் போவதுதான். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இந்தப் பொறுப்பைத்தான் வலியுறுத்துகிறது. பழைய வாகனம் ஒரு பண்பாட்டுச் சொத்து, அதில் கை வைப்பதற்கு முன் முடிந்தவரை உள்ளதைக் காப்பதையே முதலில் யோசிக்க வேண்டும் என்பது அதன் போக்கு.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. "லாபம் இல்லையென்றால் இந்த வண்டிகளை யார் காப்பாற்றுவார்கள்? கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தவற்றை வெளியே இழுத்து வந்ததே இந்தச் சந்தைதானே?" பாதி உண்மை. எஞ்சின் இல்லாமல், தரை உளுத்து, வெறும் கூடாகக் கிடக்கும் வண்டிக்குப் புது எஞ்சின் வைத்து ஓட விடுவதை நான் வரவேற்கிறேன். அங்கே அழிக்க ஒன்றும் மிச்சமில்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், வெறும் கூட்டைச் சரிசெய்ய அதிக உழைப்பும் பணமும் ஆகும். துருப்பிடிக்காத, உறுப்பு குறையாத வண்டியை வாங்கினால் டிங்கரிங் செலவு மிச்சம். அதனால் லாபக் கணக்கு பார்ப்பவரின் கண் போய் விழுவது, எந்த வண்டியைத் தொடவே கூடாதோ அதன் மேல்தான். சந்தை குப்பையைக் காப்பாற்றுகிறது என்பது பேச்சு. பல நேரம் அது நல்லதைத் தேடிப் பிடித்துத் தின்கிறது.

அந்த லாபமும் நிலையானதல்ல. 1980-களிலும் 90-களிலும் இதே வண்டிகளுக்கு இளஞ்சிவப்பு, வெளிர்நீலப் பெயின்ட், ட்வீட் துணி இருக்கை, டிஜிட்டல் மீட்டர் என்று மாட்டினார்கள். அன்றைக்கு அதுதான் ஃபேஷன். இன்று அவற்றை வாங்குபவர்கள் முதல் வேலையாக அவற்றைப் பிடுங்கிப் போடுகிறார்கள். இன்றைய பெரிய சக்கரங்களும் தொடுதிரைகளும் இன்னும் இருபது ஆண்டில் அதே கதிக்குத்தான் போகும். எதிர்ப்பக்கத்தில் ஒரு சான்று பாருங்கள். நெப்ராஸ்கா மாநிலத்தின் பியர்ஸ் என்ற சிற்றூரில், மூடப்பட்ட லாம்பிரெக்ட் செவர்லே விற்பனை நிலையத்தின் பழைய வண்டிகள் 2013 செப்டம்பரில் ஏலத்துக்கு வந்தன. விற்காமல் போன புது வண்டிகளும் கைமாறி வந்த பழையவையும் பல ஆண்டுகளாக அங்கே முடங்கிக் கிடந்தன. அவற்றில் 1958-ஆம் ஆண்டு செவர்லே கேமியோ பிக்கப் ஒன்று, மீட்டரில் வெறும் 1.3 மைல் காட்டியபடி, 1,40,000 டாலருக்குப் போனது. அதன் மேல் யாரும் புதிதாகப் பெயின்ட் அடிக்கவில்லை. கை படாமல் இருந்ததுதான் அதன் விலை. எல்லா வண்டிக்கும் இப்படி நடக்காது என்பது எனக்குத் தெரியும். வேலை செய்து தேய்ந்த சாதாரண பிக்கப்பை உள்ளபடி வைத்திருப்பவர் பணக்காரர் ஆக மாட்டார். விலை குறைவாகக் கிடைத்தாலும் காப்பதே சரி என்பதுதான் என் வாதம். அசலுக்கு விலையே இல்லை என்று சொல்பவர்கள் சந்தையையும் முழுதாகப் பார்க்கவில்லை என்பதற்கே இந்த ஏலத்தைச் சொன்னேன்.

மூன்றாவது, பாதுகாப்பு. 1949 முதல் செவர்லே பிக்கப்பின் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்; ஒரே மாஸ்டர் சிலிண்டர் என்பதால் எங்காவது கசிந்தால் மொத்த பிரேக்கும் போகும். சீட் பெல்ட் கிடையாது. உயிரைப் பணயம் வைத்துப் பழமையைக் காக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பாதுகாப்புக்குத் தேவையானது எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், இடுப்பு பெல்ட், நல்ல டயர், தேவைப்பட்டால் டேங்கை இடம் மாற்றுவது. இவற்றில் பெரும்பாலானவை போல்ட் போட்டு முடுக்கிப் பிறகு கழற்றக்கூடியவை. சேஸை அறுக்க வேண்டியதில்லை. நானூறு குதிரைத்திறன் எஞ்சின் பாதுகாப்புக்காக வைப்பதல்ல, வேகத்துக்காக வைப்பது. மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் ஓட வேண்டிய வண்டியை அதற்கேற்ற சாலையில் ஓட்டுவதே முதல் பாதுகாப்பு.

நான்காவது மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. "லாரியில் அசல் என்று ஒன்று எப்போது இருந்தது? வாங்கிய மறுநாளே விவசாயி கொக்கியை வெல்டிங் வைத்தான், கருவிப் பெட்டியை மாட்டினான், எஞ்சின் போனால் கிடைத்த எஞ்சினை ஏற்றினான். பழைய வண்டியை மாற்றி ஓட்டும் ஹாட் ராட் மரபும் அமெரிக்கப் பண்பாடுதானே?" உண்மை. அந்த மாற்றங்களையும் வண்டியின் வரலாறாகவே நான் மதிக்கிறேன். கோணலாக வெல்டிங் வைத்த கொக்கியைப் பார்த்தாலே அந்த வண்டி எதை இழுத்தது என்று தெரிந்துவிடும். 1950-களில் ஒரு இளைஞன் தன் கையால் மாற்றிய வண்டி, அந்தக் காலத்தின் இளமையைக் காட்டும் சான்று. அதையும் 'அசல்' ஆக்குகிறேன் என்று கழற்றக் கூடாது. வேறுபாடு இதுதான்: வேலைக்காகவும் ஆசைக்காகவும் செய்த மாற்றம் வண்டியின் மேல் இன்னொரு பக்கத்தை எழுதுகிறது. விற்பனைக்காகச் செய்யும் மாற்றமோ எழுதிய பக்கங்களை எல்லாம் கிழித்துவிட்டு அட்டையை மட்டும் விற்கிறது. வாங்குபவருக்கு வேண்டியது பழமையின் முகம், பழமையே அல்ல.

"லட்சக்கணக்கில் செய்த வண்டிதானே, ஒன்று போனால் என்ன?" என்றும் கேட்கிறார்கள். ஏராளமாக இருந்தவைதான் ஏராளமாகத் தொலைகின்றன. அரியது என்று முதலிலேயே தெரிந்த பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். எங்கும் கிடைத்ததை யாரும் எடுத்து வைப்பதில்லை. பந்தயக் கார்களுக்கும் சொகுசுக் கார்களுக்கும் அருங்காட்சியகங்கள் உண்டு. உழைத்தவனின் வண்டி உடைந்து விழும்வரை உழைத்துவிட்டு இரும்பு விலைக்குப் போனது. மிஞ்சிய சிலவற்றையும் பணக்காரரின் விளையாட்டுப் பொருளாக மாற்றிவிட்டால், செல்வந்தர்கள் எதில் போனார்கள் என்பது மட்டும் வருங்காலத்துக்குத் தெரியும். அவர்களுக்குச் சோறு வந்தது எதில் என்பது தெரியாது. என் கவலையெல்லாம் இதுதான்.

ஆகவே பழைய வண்டி கையில் இருப்பவருக்கு என் வேண்டுகோள் இது. முதலில் வண்டியை முழுதாகப் பாருங்கள். எஞ்சின், சேஸ், பாடி மூன்றும் அதன் சொந்தமாகவும் ஓடும் நிலையிலும் இருந்தால், தொடாதீர்கள். பழுது மட்டும் பாருங்கள். பாதியாவது போயிருந்தால் தாராளமாக மாற்றுங்கள், ஆனால் அறுப்பதற்குப் பதில் கழற்றுங்கள். கழற்றியதை எறியாமல் பெயர் எழுதி வையுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து அடுத்தவருக்குக் கொடுங்கள். பணம்தான் வேண்டுமென்றால், முழு வண்டியை அதை விரும்பிக் காப்பவருக்கு விற்றுவிட்டு, வெறும் கூடு ஒன்றை வாங்கி அதில் உங்கள் திறமையைக் காட்டுங்கள். அப்போது வண்டியும் பிழைக்கும், உங்கள் தொழிலும் நடக்கும். கிடைக்கக்கூடிய கடைசி ரூபாய் வரை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பொருளிலும் நமக்கு இல்லை. கொஞ்சம் லாபத்தை விட்டுக்கொடுத்து ஒரு உண்மையை முழுதாக அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவரே நல்ல உரிமையாளர்.