வில்லையும் கதையும்

பழைய கசினோ வில்லைகளைச் சேர்ப்போர் போற்றுவது களிமண்ணையன்று. அதனோடு வந்த கதையையே. சூதாடி அதனை விரும்பி வாங்கினான். அவன் தோல்வியைச் சுவைபடக் கூறுவதிற் பெரும் பிழையில்லை.

19ஆம் நூற்றாண்டிற் கொழும்புக் கோப்பி ஆலைகள் கூலிக்காக வழங்கிய உலோக வில்லைகளின் நிலை வேறு. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் 1843ஆம் ஆண்டு வில்லையில் வேகந்தை ஆலையின் பெயருண்டு. கோப்பிக்கொட்டை பொறுக்கியவளின் பெயரில்லை. தோப்பூரில் ஒருவருக்கு அது கிட்டியதெனக் கொள்க. காதலும் கண்ணீரும் புனைந்துரைத்தால் விலை ஏறும். மறுத்துரைக்க அவளோ வரமாட்டாள். அவளை நினைவுகூரவே புனைகின்றோம் என்பாரும் உளர். நினைவுகூரப்படுபவள் அவளல்லள், வேறொருத்தி. அவள் உழைப்பைப் போலவே அவள் மௌனமும் பிறர்க்கு வருவாயாகின்றது.

ஆண்டு, ஆலை, நாலரைப் பென்ஸ்: பேழைச் சீட்டில் எழுதத்தக்கவை இவ்வளவே.